குறை எண் 214

பத்து மணிக்கு வர வேண்டியவர்கள் பத்தே முக்காலுக்கு வந்தார்கள். வந்தார்கள் என்று பன்மையில் சொல்வதே தப்பு... ஒருவன்தான் வந்தான். அதுவும் எந்த லட்சணத்தில்? தலைமுடியிலிருந்து ஷூ வரைக்கும் சொட்டச் சொட்ட நனைந்து, தோளில் கனத்த பையும் கையில் மடங்க மறுக்கும் குடையுமாக. "மீட்டிங் ரூம் எந்தப் பக்கம்?" என்று வாட்ச்மேனைக் கேட்டபடியே திரும்பியவன், பையின் வாரை எங்கே கொண்டுபோய் மாட்டினான் தெரியுமா? இத்தனை பெரிய தொழிற்சாலையில் வேறு இடமே கிடைக்காத மாதிரி, அவளுடைய போர்டில்!

சரசரவென்று ஒரு சத்தம். மூன்றாவது வரிசை அட்டைகள் அத்தனையும் தரைக்கு வந்துவிட்டன.

"ஐயையோ...!"

அலறியது அவள்தான். அலறாமல் என்ன செய்வாள்? அந்தத் தொழிற்சாலையில் தண்ணீர் பம்புகள் தயாரிக்கிறார்கள். எந்த ஆர்டர் எந்த நாளில் எந்தப் பிரிவில் ஓட வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பன்னிரண்டு அடிப் போர்டில்தான் இருக்கிறது. ஒவ்வோர் ஆர்டருக்கும் ஓர் அட்டை. இரும்பை உருக்கி ஊற்றும் வார்ப்புக்கு மஞ்சள், லேத்தில் கடையும் கடைசலுக்கு நீலம், பாகங்களைச் சேர்த்து மாட்டும் கோர்ப்புக்குப் பச்சை. ஒன்பது வருஷமாக அவள்தான் அதற்குச் சர்வாதிகாரி. அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் போர்டக்கா.

"சாரி... சாரிங்க... நானே எடுத்து வெச்சிடறேன்..."

"தொடாதீங்க! ஈரக் கை! எந்த அட்டை எங்கே போகணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கு...?"

அவள் குனிந்து மொத்த அட்டைகளையும் அள்ளி எடுத்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் செருக ஆரம்பித்தாள். எந்த நோட்டையும் பார்க்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. விரல்கள் மட்டும் போய்ப் போய் வந்தன. ஆறே நிமிஷத்தில் நாற்பத்து மூன்று அட்டைகளும் ஏறிவிட்டன.

அவன் நகரவே இல்லை. குடையிலிருந்து வழிந்த தண்ணீர் அவன் காலடியில் ஒரு சின்னக் குளமாகத் தேங்கியது. போர்டுக்குப் பக்கத்தில் நேற்றைய பட்டியல் ஒன்று ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்து முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரைக்கும் சரிபார்த்தான்.

"ஒன்னுகூட மாறலையே..." என்றான் மெதுவாக. அவளிடம் சொன்னதாகவே தெரியவில்லை. கோயில் கோபுரத்தை முதல்முதலாகப் பார்ப்பவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று நின்றது. அதற்குப் பின்னால் அகல விரிந்த இரண்டு கண்கள்... அவளைக்கூடப் பார்க்காமல் அவள் வேலையைப் பார்த்து மலைத்துப்போன கண்கள். ஒன்பது வருஷத்தில் அந்தப் போர்டை அப்படி யாரும் பார்த்ததில்லை.

சட்டென்று கோபம் எங்கேயோ காணாமல் போய்விட்டது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. தேடிப் பிடித்து முகத்தில் மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

"மீட்டிங் ரூம் அந்தப் பக்கம். முதல்ல தலையைத் துவட்டுங்க."

மீட்டிங் எதற்கு என்றால், போர்டக்காவின் போர்டையே எடுத்துவிடத்தான். முதலாளியம்மா முடிவு செய்துவிட்டார். ஆர்டர் வாங்குவதிலிருந்து லாரியில் ஏற்றுவது வரை எல்லாம் ஒரே மென்பொருளில் ஓட வேண்டும். எங்கே எது நிற்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிய வேண்டும். எந்த மென்பொருளை வாங்குவது என்று தேர்ந்தெடுக்க ஒரு குழு. முதலாளியம்மா, கணக்கு மேனேஜர், ஸ்டோர் மாமா, வார்ப்புப் பிரிவு மேஸ்திரி, அவள். மேஸ்திரி வேறு யாருமில்லை, அவளுடைய அப்பாதான்.

ஏற்கெனவே இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்து காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் "முடியும் மேடம்". சூரியனை மேற்கே உதிக்க வைக்க முடியுமா என்று கேட்டிருந்தாலும் "அடுத்த வெர்ஷன்ல வருது மேடம்" என்றிருப்பார்கள்!

மூன்றாவதாக வந்தவன்தான் இவன். பேச வேண்டிய விற்பனை மேனேஜர் வெள்ளத்தில் பாதி வழியில் மாட்டிக்கொண்டார். இவனோ உள்ளே உட்கார்ந்து மென்பொருளை அமைக்கிற ஆள். வயர் மாட்டிக் கொடுக்கத்தான் வந்தான். பேசவும் வேண்டியதாகிவிட்டது.

அவள் தன் மூன்று கேள்விகளையும் எடுத்தாள்.

"ஆர்டர் பாதி ஓடிக்கிட்டு இருக்கும்போது பார்ட்டி எண்ணிக்கையை மாத்தினா, மீதி வேலையெல்லாம் தானா மாற முடியுமா?"

"முடியும்." காட்டினான்.

"ஒரே மோட்டாருக்கு ரெண்டு ஆர்டர் அடிச்சுக்கிட்டா, யாருக்குக் குடுக்கணும்னு சொல்ல முடியுமா?"

"முடியும். ஆனா யார் முக்கியம்னு நீங்க முதல்ல சொல்லித் தரணும்." அதையும் காட்டினான்.

"காலையில வானம் இருட்டிக்கிட்டு வந்தா... அன்னைக்குப் பிளானை மாத்த முடியுமா?"

இந்தக் கேள்விக்கு முதல் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டியிருந்தார்கள். இவன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு லேப்டாப்பை மெல்ல மூடினான்.

"முடியாது" என்றான்.

விற்க வந்தவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அங்கே யாரும் கேட்டதே கிடையாது. ஸ்டோர் மாமா டீயை வாய்வரைக்கும் கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டார். முதலாளியம்மாதான் முதலில் சிரித்தார்.

"முடியாததை முடியாதுன்னு சொல்றாரு. அப்ப மத்ததை நம்பலாம்."

அவளும் இவனுக்கே கை தூக்கினாள். ஏன் தூக்கினாய் என்று யாராவது கேட்டிருந்தால் பதிலுக்குத் திணறியிருப்பாள்... நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு எட்டு மாதம் அவன் அங்கேயேதான் கிடந்தான். டெமோ காட்ட வந்தவன் என்பதால் ஆட்கள் அவனுக்கு 'டெமோ' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். அவனும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டான்.

முதல் ஐந்து மாதத்தில் அவன் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கே இல்லை. இந்த பம்புக்கு எத்தனை போல்ட்? அந்த ஆறாவது போல்ட் வரைபடத்தில் இல்லையே? "அது மாட்டலைன்னா அதிரும். அதனால எல்லாரும் மாட்டுவாங்க." யார் சொன்னது? "யாரும் சொல்லல... மாட்டுவாங்க, அவ்வளவுதான்!" அவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு, எழுதிக்கொண்டு போவான். அவள் தலைக்குள் கிடந்த தொழிற்சாலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரையில் இறங்கியது.

"உங்க மண்டைக்குள்ள எவ்வளவு இடம்தான் இருக்கு மேடம்?"

"உங்க கேள்வியெல்லாம் போக மீதி கொஞ்சம் இருக்கு."

இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. மழை வந்தால் இருவரும் ஜன்னல் பக்கம் ஒரே சமயத்தில் திரும்புவார்கள். கண்கள் இடித்துக்கொள்ளும். இருவருமே உடனே வேலையில் மும்முரமாகிவிடுவார்கள். ஸ்டோர் மாமா மட்டும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "என்னமோ நடக்குது... நமக்கு எதுக்கு வம்பு" என்று பேரிங் எண்ணப் போய்விடுவார்.

ஆறாவது மாதம் வந்தது அந்தப் பாழாய்ப்போன கூட்டம்.

மூன்று வருஷத்துப் பழைய ஆர்டர்களை எல்லாம் அவன் ஏற்றியிருந்தான். அதிலிருந்து ஒரு படம் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு பிரிவுக்கும் திட்டத்தில் எத்தனை நாள், நிஜத்தில் எத்தனை நாள் என்று. எல்லாக் கோடுகளும் ஒட்டி ஒட்டி வந்தன, வார்ப்பைத் தவிர.

"வார்ப்புல மட்டும் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆறு நாள் போட்டிருக்கு. வருஷத்துல முக்கால்வாசி நாள் நாலு நாள்ல முடிஞ்சிருக்கு. ரெண்டு நாள் சும்மா கூடுதலா நிக்குது. இதை எடுத்துட்டா..." அவன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனான். ஒரு புதையலைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவனுக்கு. அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களை அவன் பார்க்கவில்லை.

முதலாளியம்மா அவள் பக்கம் திரும்பினார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் கொடுமை.

"என்னம்மா... அப்பா பிரிவாச்சேன்னு ரெண்டு நாள் தாராளமாப் போட்டுட்டியா?"

அவ்வளவுதான். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருஷம் அந்த உலைக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற தலை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், விளங்கியிருக்கும். ஆனால், திருடி என்று பெயர் வாங்கிய பிறகு கையை விரித்துக் காட்டுவதா? மாட்டவே மாட்டாள். எழுந்தாள். வெளியே போய்விட்டாள்.

அவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"மேடம், நான் அப்படிச் சொல்ல வரல..."

"என்ன சொல்ல வந்தீங்களோ சொல்லிட்டீங்க சார்." போர்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள், திரும்பினால் கண்ணீர் தெரிந்துவிடும். "அன்னைக்கு மூணாவது கேள்விக்கு முடியாதுன்னு சொன்னீங்க. நேர்மையான ஆளுன்னு நெனச்சேன். ஆனா நான் ஏன் அதைக் கேக்கறேன்னு... ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

அன்றிலிருந்து பேச்சு நின்றது. ஆனால் வேலை நிற்க முடியாதே! அதற்கு ஒரு வழி இருந்தது. மென்பொருளில் என்ன கோளாறு தெரிந்தாலும் 'குறைப் பட்டியல்' என்ற இடத்தில் எண் போட்டுப் பதிய வேண்டும். அவன் சரிசெய்து பதில் எழுத வேண்டும். யார் பதிந்தார்களோ அவர்கள் மட்டும்தான் 'தீர்ந்தது' என்று மூட முடியும். ஒரு குறை திறந்திருந்தால்கூட ஒப்படைப்பு நடக்காது. அவள் அந்தப் பட்டியல் வழியாகவே பேச ஆரம்பித்தாள்.

குறை எண் 131: 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று வருகிறது. எவ்வளவு நேரம் என்று இல்லை. மரியாதை இருக்கிறது; விவரம் இல்லை.

பதில்: விவரம் சேர்க்கப்பட்டது. மரியாதை என்றும் இருக்கும்.

குறை எண் 158: கோர்ப்புப் பிரிவின் பச்சை, பச்சையாக இல்லை.

பதில்: நேரில் வந்து காட்டினால் மாற்றித் தருகிறேன்.

குறை எண் 158, மறுபடியும் திறக்கப்பட்டது: நேரில் வர இயலாது. பச்சை அட்டை ஒன்று ஸ்டோர் மாமாவிடம் கொடுத்தனுப்பப்பட்டுள்ளது.

"நான் என்ன தபால்காரனா?" என்று மாமா முணுமுணுத்துக்கொண்டே அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்து, "அந்தப் புள்ள அட்டையைப் பாக்கெட்ல வெச்சுக்கிச்சு. நிறத்தைப் பார்க்கவே இல்ல" என்று தகவலும் சொன்னார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, கடைசியாக ஒரு குறையைப் பதிந்தாள். எண் 214. விவரம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை.

'மழை.'

அதற்கு அன்று பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மழை நாளில் அவள் ஆறு மணிக்கே வந்துவிடுவாள். வந்ததும் நேராக வார்ப்புக் கொட்டகைக்குத்தான் போவாள். அன்றைக்கும் போனாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே மணல் மேட்டுக்குப் பக்கத்தில் அப்பா. அவருக்கு எதிரே, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு குந்தியிருந்தான்... அவன்.

"கையில அள்ளுங்க தம்பி. இறுக்கிப் பிடிங்க. இப்ப ரெண்டா உடைங்க... என்ன தெரியுது?"

"உடையும்போது நசுங்குது. கையில ஒட்டுது."

"நேத்து உடைச்சப்ப?"

"பிஸ்கட் மாதிரி ஓரம் சுத்தமா உடைஞ்சுது."

"அதான் சங்கதி. இந்த மணல்லதான் பம்போட கூட்டுக்கு அச்சு எடுக்கறோம். ஈரம் ஏறின மணல்ல கொதிக்கிற இரும்பை ஊத்தினா, ஆவி வெளியே போக வழியில்லாம வார்ப்புக்குள்ள ஓட்டை ஓட்டையா விழும். பார்த்தா தெரியாது. ஆறு மாசம் கழிச்சு எங்கேயோ ஒருத்தர் வீட்டுல தண்ணி ஒழுகும். அதனால மழை பேஞ்சா மணல் காய ரெண்டு நாள் நிறுத்தி வெப்பேன். எந்த நாள் மழை பேயும்னு மூணு வாரம் முன்னாடி யாருக்குத் தெரியும்? அதான் என் பொண்ணு எல்லா ஆர்டர்லயும் ரெண்டு நாள் சேர்த்து வெச்சா. எனக்காகப் போடல தம்பி... மணலுக்காகப் போட்டா."

அவன் கையிலிருந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஈரமானியைக் கேட்டு வாங்கினான். அப்பா சிரித்தார். மணலை ஒரு பிடி பிடித்து, "நாலரை சதவீதம் இருக்கும்" என்றார். ஈரமானியில் மணலைப் போட்டுப் பார்த்தால்... நாலு புள்ளி ஆறு!

"ஐயா..." என்றான் அவன். "பதினோரு தொழிற்சாலைக்கு இதைச் செஞ்சு குடுத்திருக்கேன். எல்லாம் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். உங்க கையில ஒரு மீட்டர்... அவங்க தலையில ஒரு மழைக்காலம்... நான் போய் அதைச் 'சும்மா நிக்குது'ன்னு சொல்லிட்டேனே!"

வாசலில் நின்றவளுக்கு மழைச் சத்தம் கேட்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது மட்டும் கேட்டது. அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் ஓடிவிட்டாள்.

பத்து மணிக் கூட்டத்தில் அவன் எழுந்து நின்றான். கையில் ஒரு பிடி மணல். முதலாளியம்மாவின் பளபளப்பான மேஜைமேல் அதை வைத்தான்.

"போன கூட்டத்துல நான் காட்டின படம் சரி. சொன்ன அர்த்தம் தப்பு. அந்த ரெண்டு நாள் வீண் இல்ல. இந்த பம்ப் ஒழுகாம இருக்கிறதே அந்த ரெண்டு நாளாலதான். தப்பு என்னோடது. மேஸ்திரி ஐயாவும் மேடமும் மன்னிக்கணும்."

முதலாளியம்மா மணலைத் தொட்டுப் பார்த்தார். "நானும்தான் நாக்கை அடக்கியிருக்கணும்" என்றார் மேஸ்திரியைப் பார்த்து. அப்பா, "பரவால்லம்மா... அதை மட்டும் மேஜையிலேர்ந்து துடைக்கச் சொல்லுங்க, கீறல் விழும்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

அதன் பிறகு அவன் மூன்று வாரம் ராப்பகலாக எதையோ கட்டினான். ஒரு நாள் காலை, ராத்திரி பெய்த மழை ஓய்ந்து வானம் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் அவளை அழைத்தான்.

"குறை எண் 214-க்குப் பதில்... நேர்ல சொல்லலாமா?"

அவள் வந்து உட்கார்ந்தாள். திரையில் அவளுடைய போர்டு. மஞ்சள், நீலம், பச்சை... பச்சை சரியாகப் பச்சையாக இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு ஆர்டர்கள்.

"தினமும் காலையில ஐயா மணலைச் சோதிச்சு ஈரத்தை இங்க போடுவாரு. இன்னைக்கு நாலு புள்ளி எட்டு. நீங்களே போட்டு அமுக்குங்க."

அவள் எண்ணைத் தட்டினாள். பொத்தானை அமுக்கினாள்.

ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு... அடேங்கப்பா! திரை முழுவதும் உயிர் வந்தது. மஞ்சள் அட்டைகள் இரண்டு நாள் தள்ளிப் போய் நின்றன. அவை விட்ட இடத்துக்கு, ஏற்கெனவே வார்த்து வைத்த கூடுகளின் நீலங்கள் முன்னால் வந்தன. வார்ப்பில் சும்மா இருக்கும் ஆட்கள் கோர்ப்புப் பக்கம் போனார்கள். எந்த பேரிங்கை முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்று ஸ்டோர் மாமாவுக்குத் தாக்கீது போனது. அவள் ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பது மணி வரைக்கும் நின்றபடி செய்கிற வேலை, அவள் ஒரு மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. அவள் செய்திருந்தால் எப்படிச் செய்திருப்பாளோ, அப்படியே.

"அப்புறம், இந்த ரெண்டு நாள் மழை நாள்ல மட்டும்தான் சேரும். வெயில் நாள்ல தானா திரும்பி வந்துடும். எல்லா ஆர்டர்லயும் நீங்க பயந்து பயந்து சேர்த்து வைக்க வேண்டாம்."

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒன்பது வருஷம் யாருக்கும் சொல்லாமல், சொல்லத் தெரியாமல் தலைக்குள் சுமந்தது எல்லாம் வெளியே நின்று அவளைப் பார்த்தது. அவளையே வெளியே எடுத்து அவளுக்குக் காட்டியிருக்கிறான். இவ்வளவு பெரியதா இது? இவ்வளவு அழகா? கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு திரும்பினால், அவன் திரையைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் நாள் போர்டைப் பார்த்த அதே கண்கள்.

"எப்படி இருக்கு?"

"பார்க்கலாம். ரெண்டு மூணு மழைக்கு ஓட்டிப் பார்த்துட்டுத்தான் மூடுவேன்" என்றாள். குரல்தான் கொஞ்சம் காட்டிக் கொடுத்தது.

மூன்று மழைக்கும் போர்டும் திரையும் ஒரே மாதிரி ஓடின. ஒப்படைப்பு நாளும் வந்துவிட்டது. மற்ற நான்கு பிரிவிலும் கையெழுத்து ஆகிவிட்டது. பட்டியலில் ஒரே ஒரு குறை திறந்திருந்தது. 214. மூட வேண்டியவள் அவள்.

மூடினால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மாலை ஆறு மணிக்குச் சிஸ்டத்திலிருந்து அவன் பெயரை எடுத்துவிடுவார்கள். நாளை காலை எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இன்னொரு ஊர், இன்னொரு தொழிற்சாலை. அங்கேயும் ஒரு போர்டு இருக்கும்... அதற்கு முன்னால் ஒருத்தியும் இருப்பாளோ என்னவோ!

மூடாவிட்டால்? 'இன்னும் ஒரு மழைக்காலம் பார்க்க வேண்டும்' என்று ஒரு வரி. யாரும் கேள்வி கேட்க முடியாது. ஒரு மாதமோ இரண்டு மாதமோ அவன் இங்கேயே இருப்பான். ஆனால் ஸ்டோர் மாமா சொல்லியிருந்தார்: ஏற்கெனவே தாமதம் என்று மேலிடம் அவனைக் குடைகிறதாம். இன்னும் ஒரு மாதம் இழுத்தால் அவன் பெயர் கெட்டுவிடுமாம்.

விரல் அந்தப் பொத்தானின்மேல் வெகுநேரம் நின்றது. வேண்டாம் என்று மனசு கெஞ்சியது. 'ஒரே ஒரு மாசம்டீ... யாருக்கு என்ன நஷ்டம்?' ஆனால் முடியாததை முடியும் என்று சொல்லத் தெரியாதவனிடம், தீர்ந்ததைத் தீரவில்லை என்று எப்படிச் சொல்வாள்? கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கிவிட்டாள்.

குறை எண் 214: தீர்ந்தது.

ஐந்தரை மணிக்கு அவன் போர்டு அருகே வந்தான். அவள் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது.

"மூடிட்டீங்க..." என்றான்.

"தீர்ந்துடுச்சே. அப்புறம் என்ன?"

"ஆமா... தீர்ந்துடுச்சு." சட்டைப் பையிலிருந்து மூலை மடங்கிய ஒரு பச்சை அட்டையை எடுத்தான். பெட்டிக்கு அருகே கொண்டுபோனவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "இதை மட்டும் நானே வெச்சுக்கலாமா?"

அவள் கை நின்றது. எட்டு மாதத்து ரோஷமும் பிடிவாதமும் வேறு வழியில்லாமல் இறங்கிப் போயின. அவன் லேப்டாப்பை மேஜையில் வைத்துத் திறந்து ஏதோ பார்க்கப் போனான். போவதற்குமுன் கடைசி வேலை போலிருக்கிறது.

"டெமோ சார்."

"சொல்லுங்க மேடம்."

"மூணு கேள்வி இருக்கு."

அவன் நிமிர்ந்தான்.

"நாளைக்கு அந்த ஊருக்குப் போயி, அந்த வேலையை நல்லபடியா ஆரம்பிக்க முடியுமா?"

"முடியும்."

"லீவு நாள்ல ரயில் ஏறி... இங்க எல்லாம் ஒழுங்கா ஓடுதான்னு பார்த்துட்டுப் போக முடியுமா?"

"முடியும்." லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தான். "ஆனா யாரைப் பார்க்க வரணும்னு நீங்க முதல்ல சொல்லித் தரணும்."

அவள் முகம் சிவந்துவிட்டது. பெட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டு மூன்றாவதைக் கேட்டாள். அது வெளியே வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

"என்னைப் பார்க்காம... இருக்க முடியுமா?"

அவன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். லேப்டாப்பை மெல்ல மூடினான்.

"முடியாது" என்றான்.

மழை திடீரென்று வலுத்தது. தகரக் கூரை முழுவதும் ஒரே சத்தம். அதையும் மீறி அவன் கேட்டான்:

"போன தடவை கேக்காம விட்டுட்டேன். அதுக்கு ரெண்டு மாசம் தண்டனை அனுபவிச்சேன். இந்தத் தடவை கேட்டுடறேன்... நீங்க ஏன் இதைக் கேக்கறீங்க?"

ஒன்பது வருஷம் எந்த அட்டை எங்கே போக வேண்டும் என்று தடுமாறாதவள் இந்தப் பதிலுக்குத் தடுமாறினாள்.

"எனக்கும் முடியல... அதான்."

இமை நுனியில் நின்ற துளி, இந்தத் தடவை அவளுடையது, விழுந்தேவிட்டது. அவன் அதையே பார்த்தான், அதிசயத்தைப் பார்ப்பவன் மாதிரி.

"அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"மேஸ்திரி ஐயாகிட்டயா? அவர் கையைப் பிடிச்சுப் பார்த்தே எத்தனை சதவீதம்னு சொல்லிடுவாரே!"

அவள் சிரித்தாள். எட்டு மாதத்தில் அவன் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. காலியான போர்டுக்கு முன்னால் இருவரும் மழை விடட்டும் என்று நின்றார்கள். விடாவிட்டாலும் பரவாயில்லை என்றும்தான்.

சரியாக ஆறு மணிக்குச் சிஸ்டத்திலிருந்து அவன் பெயர் அழிந்தது. இருவருமே அதைப் பார்க்கவில்லை.